பிரேக் மாஸ்டர் காய்ச்சிய ஜாம்

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டப் படிப்பவரின் காலடியில். இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலடியில். இந்த இரண்டாவது பிரேக்கை அவசரத்துக்குத்தான் மிதிக்க வேண்டும். நம் மாஸ்டருக்கு எல்லாமே அவசரம்தான். தூரத்தில் ஒரு நாய் வாலை ஆட்டினால் மிதிப்பார். சைக்கிளில் போகிறவர் தும்மினால் மிதிப்பார். ஒன்றுமே எதிரே வராவிட்டால், என்ன ஒன்றுமே வரவில்லையே என்று மிதிப்பார். அவரிடம் படித்தவர்கள் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். அது ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் அவர் காதுக்கும் வந்தபோது, "பிரேக் போட்டு எவனும் செத்ததில்ல" என்று சொல்லி அதையும் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

வீட்டிலும் அதே கால்தான். மனைவி சோபாவை மாற்றலாம் என்றால், "பொறு." மகள் தனியாக வெளியூர் போய்வருகிறேன் என்றால், "பொறு, பார்க்கலாம்." பொல்லாத மனிதர் இல்லை. பயந்த மனிதர். பயத்தையெல்லாம் கோபமாகவே காட்டிப் பழகியவர். இப்படி ஒருவரோடு குடித்தனம் நடத்துவது என்ன பாடு என்பது நடத்துகிறவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

மகள் ஒரே ஒரு விஷயத்தில் பொறுக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலின் முன்னறையில் உட்கார்ந்து, யாருக்கு எப்போது வகுப்பு என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒருவன் அங்கே வண்டி ஓட்டப் படிக்க வந்தான். நன்றாகவே ஓட்டினான். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும், கியரில் ஒரு சந்தேகம், கண்ணாடியில் ஒரு சந்தேகம் என்று வந்துகொண்டே இருந்தான். சந்தேகம் யாரிடம் என்று மாஸ்டரைத் தவிர எல்லோருக்கும் புரிந்திருந்தது. இரண்டு பேரும் வந்து கல்யாணத்துக்குக் கேட்டபோது அவர் "பொறுங்க" என்றார். பொறுத்தார்கள். மறுபடி கேட்டார்கள், மறுபடியும் பொறு. ஒருநாள் அவர்களே போய்ப் பதிவு செய்துகொண்டார்கள். மனைவி போனாள். அவர் போகவில்லை.

"என் வண்டியிலேயே ஏறிப் படிச்சு, என் பொண்ணையே ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்" என்று பார்க்கிறவரிடமெல்லாம் புலம்பினார். கேட்டவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உச்சுக்கொட்டினார்கள்.

மகள் வீடு அதே ஊரில்தான் இருந்தது. பெரிய தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ஒரு மேட்டில் ஏறித் திரும்பினால் வரும் தெருவில், இரண்டாவது மாடி. மனைவி அடிக்கடி போய்வருவாள். கிளம்பும்போதெல்லாம், "நீங்களும் ஒரு எட்டு வாங்களேன்" என்பாள்.

"அந்தத் தெருவுக்கு எனக்கு வழி தெரியாது" என்பார் அவர்.

ஊரில் எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் சொல்கிற பேச்சா இது? "ஆமா, பாவம். உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொள்வாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் உண்டானாள். சந்தோஷத்தை முகத்தில் காட்டக்கூடாது என்று மாஸ்டர் அன்றைக்கு முழுக்கப் பட்டபாடு பெரும்பாடு. சில மாதம் போனதும் டாக்டர் அவளுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். இனிப்புகளுக்கெல்லாம் தடை, முதல் தடை கடை ஜாமுக்கு. அவளோ பிறந்ததிலிருந்து ஜாம் பைத்தியம். சின்ன வயதில் ரொட்டியில் தடவிக் கொடுத்தால் ஜாமை மட்டும் நக்கிவிட்டு ரொட்டியைத் திருப்பிக் கொடுப்பாள். இப்போது காலையில் வெறும் ரொட்டியைப் பார்த்து அழுகிறாளாம். மனைவி போனில் அவளைத் தேற்றிக்கொண்டிருந்ததை, செய்தித்தாளை முகத்துக்கு முன்னால் விரித்துவைத்துக்கொண்டு மாஸ்டர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"பழம்தானே, கொஞ்சமா சாப்பிடலாம்னு டாக்டர் சொல்றாங்களாம்" என்று மனைவி போனை வைத்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "வெள்ளைச் சர்க்கரைதான் ஆகாதாம்."

செய்தித்தாள் அசையவில்லை.

அப்போது அவரிடம் வண்டி ஓட்டப் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்கார அம்மாவும் உண்டு. நோயாளிகளுக்கு உப்பில்லாமல், காரமில்லாமல், இனிப்பில்லாமல் சமைத்துப் போட்டே காலத்தை ஓட்டியவர். அடுப்பின்முன் புலி, ஸ்டியரிங் முன் எலி. மறுநாள் மேடேறும்போது மாஸ்டர் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏம்மா, சர்க்கரை இல்லாம ஜாம் பண்ண முடியுமா?"

"யாருக்கு மாஸ்டர்? உங்களுக்கு சுகரா?"

"அப்படித்தான்னு வச்சுக்குங்க. கிளட்ச்சை விடுங்க. மெதுவா, மெதுவா."

வண்டி குலுங்கி நின்றது. நின்ற வண்டியிலேயே அந்த அம்மா பாடம் எடுத்தார். "ஆப்பிளைத் தோலோட துருவிக்குங்க. கறுப்புத் திராட்சை சேத்துக்குங்க. தண்ணி வேணாம், அதுவே விடும். கொஞ்ச நேரம் மூடி போட்டு வேகட்டும். அப்புறம் மூடியை எடுத்துட்டு சின்னத் தீயில கிண்டிக்கிட்டே இருக்கணும். சுண்டச் சுண்டப் பழத்துல இருக்கிற இனிப்பே தூக்கிக் குடுக்கும். கடைசியில எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு விடுங்க."

"எப்ப இறக்கணும்?"

"ஒரு சொட்டைத் தட்டுல விட்டு ஆறவச்சு, விரலால நடுவுல கோடு போடுங்க. கோடு மூடிக்காம நின்னா இறக்கலாம். அவசரப்பட்டுடாதீங்க."

"எத்தனை நாள் தாங்கும்?"

"அதுதான் விஷயம். சர்க்கரை போட்டா மாசக்கணக்கா நிக்கும். இது நிக்காது. பிரிட்ஜ்ல வச்சு, ரெண்டு வாரத்துக்குள்ள காலி பண்ணிடணும். கெட்டுப்போனதைத் தின்னா வயித்தைக் கலக்கிடும். அதுவும் பிள்ளைத்தாச்சின்னா சொல்லவே வேணாம்." சொல்லிவிட்டு மாஸ்டரை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த அம்மாவை ஏமாற்ற முடியுமா? பிறகு, "அது சரி, எங்க ஆஸ்பத்திரிப் பக்கத்துலயே நல்ல மேடு இருக்கே. எதுக்கு மாஸ்டர் தினமும் இந்த மேட்டுக்கே வர்றோம்?" என்று கேட்டார்.

"இதுதான் நல்ல மேடு" என்றார் மாஸ்டர், வேறெங்கோ பார்த்தபடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறைக்குள் நுழைந்தபோது மனைவி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மனிதர் வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஆப்பிளோடு சேர்த்து விரலையும் கொஞ்சம் துருவிக்கொண்டார். திராட்சையை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கீறி, கத்தி முனையால் விதையை நோண்டி எடுக்கத் தொடங்கினார்.

"அப்படியே போட்டு வடிகட்டிக்கலாமே" என்றாள் மனைவி, பொறுக்கமாட்டாமல்.

"தோல் இருந்தாத்தான் ருசி. விதை தட்டுப்பட்டா அவ துப்பிடுவா."

யார் துப்பிவிடுவாள் என்று மனைவி கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம்கூட நறுக்காத அன்றைக்கு ஏன் துடைக்கிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

பழம் கொதித்தது, குமிழ் விட்டது, கையில் தெறித்தது. மாஸ்டர் விடாமல் கிண்டினார். நிறம் கருஞ்சிவப்பாக மாறிவந்தபோது, அடிபிடித்துவிடுமோ என்று அவருக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. தட்டாவது கோடாவது! சட்டென்று அடுப்பை அணைத்தார். கால் பழக்கம் கைக்கு வராமல் போகுமா?

பாட்டிலில் ஊற்றினால் பாயசம் மாதிரி ஓடியது. "என்னங்க இது, கெட்டியாவே இல்லையே" என்றாள் மனைவி.

"கெட்டியாகலைன்னா என்ன, உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்" என்று வீம்பாகச் சொன்னாலும் முகம் வாடிவிட்டது. சூடு ஆறினதும், மனைவி கிளம்பும்போது பையில் வைத்தார். "கடையில வாங்கினதுன்னு சொல்லு. என் பேரை எடுக்காத."

பாட்டில் போய் மூன்றாம் நாள். சமையல்கார அம்மா ஓட்ட, மாஸ்டர் பக்கத்தில் இருக்க, கடைத்தெரு நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. தெரியாத எண்.

"மாமா, நான்தான். அவதான் உங்களுக்குச் சொல்லச் சொன்னா. அந்த ஜாம் இருக்கில்ல, அது கெட்டி..."

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்து ஊரையே எழுப்பியது. அடுத்த நொடி இணைப்பு போய்விட்டது.

மாஸ்டர் காதில் விழுந்தது 'கெட்டு' என்றுதான். மனைவி பஸ்ஸில் கொண்டுபோன வெயில், சுண்டாத தண்ணீர், பிள்ளைத்தாச்சின்னா சொல்லவே வேணாம் என்ற பேச்சு, எல்லாம் சேர்ந்து மண்டைக்குள் சுற்றியது. இத்தனை நாளும் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் கையால் காய்ச்சிக் கொடுத்தே பெற்ற பெண்ணைப் படுக்கவைத்துவிட்டோமா? திருப்பி அழைத்தார். பிஸி. மறுபடி அழைத்தார். பிஸி. அந்தப் பக்கம் மருமகனும் இவரையே அழைத்துக்கொண்டிருந்தால் வேறென்ன வரும்?

"இறங்குங்கம்மா, இந்தப் பக்கம் வந்து உட்காருங்க" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதன்பிறகு அவர் ஓட்டிய ஓட்டத்தில், இப்போது அந்த அம்மாவின் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கைத் தேடி அந்த அம்மாதான் மிதித்துக்கொண்டே வந்தார். "மாஸ்டர், பொறுங்க! பொறுங்க மாஸ்டர்!"

தண்ணீர்த் தொட்டி, மேடு, திருப்பம். ஒருவரையும் வழி கேட்கவில்லை. வண்டியைத் தெரு நடுவிலேயே விட்டுவிட்டு இரண்டு மாடியையும் ஏறிக் கதவைத் தட்டினார்.

மகள் திறந்தாள். நிறைந்த வயிறு. ஒரு கையில் ரொட்டி. வாயில் ஸ்பூன்.

"துப்பு" என்றார் மாஸ்டர், மூச்சு வாங்க. "முதல்ல அதைத் துப்பு."

"அப்பா?"

"கெட்டுப்போனதை எதுக்கும்மா திங்கிற? ஆஸ்பத்திரிக்குப் போவோம், வா. வண்டி கீழதான் நிக்குது."

மகளுக்குப் பின்னால் மருமகன் போனும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றான். "ஐயோ மாமா, கெட்டுப்போச்சுன்னு சொல்லலை. கெட்டியாயிடுச்சுன்னு சொன்னேன்."

"வந்தப்ப தண்ணியா இருந்துச்சுப்பா" என்றாள் மகள். "பிரிட்ஜ்ல வச்சேன். அருமையா கெட்டியாயிடுச்சு. நீங்க கவலைப்பட்டுக்கிட்டு இருப்பீங்கன்னுதான் சொல்லச் சொன்னேன்."

மாஸ்டர் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பயந்துட்டேம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. பிறகு அசடு வழிய, "அது கடையில வாங்கினதுன்னு உங்கம்மா சொல்லலையா?" என்றார்.

"சொன்னாங்க. ஒரு விதைகூட இல்லையேப்பா. எனக்கு விதை எடுத்துக் குடுக்கிற கடை எங்க இருக்கு?" சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், அழுதுவிட்டாள். அவர் பக்கத்தில் படியில் உட்காரப் பார்த்தாள். வயிறு இடம் கொடுக்கவில்லை. மருமகன் ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

இந்த நேரம் பார்த்துச் சமையல்கார அம்மா மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார். "மாஸ்டர், சாவியை வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டீங்க. கீழ ஹார்ன் அடிச்சுக் கொல்றாங்க." சுற்றுமுற்றும் பார்த்தவர், ஜன்னல் வழியாகத் தெரிந்த மேட்டைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "அட, தினமும் நாம ரிவர்ஸ் எடுக்கிற முக்கு ஆச்சே இது! உங்க பொண்ணு வீடு இங்கயா இருக்கு?"

மாஸ்டர் தலை நிமிரவே இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் மகள் மெதுவாக. "நாங்க குடிவந்ததுலேருந்து பார்க்கிறேன். தினமும் அந்த வண்டி மேட்டுல வந்து நிக்கும். பின்னால போகும், முன்னால வரும். இன்னிக்கு மேல வருவாருன்னு பால்கனியில நிப்பேன். வண்டி போயிடும்."

கீழே ஹார்ன் சத்தம் விடாமல் கேட்டது. மருமகன் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை ஓரங்கட்ட இறங்கினான். "ஹேண்ட் பிரேக் போட்டுட்டு வா, மேடு" என்று மாஸ்டர் அவனைப் பார்த்துச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு அவனிடம் அவராகப் பேசிய முதல் பேச்சு அது.

"சரி மாமா" என்றான் அவன், வாயெல்லாம் பல்லாக.

மகள் உள்ளே போய் ஜாம் பாட்டிலை எடுத்துவந்து ஸ்பூனால் அடியைச் சுரண்டினாள். "இது தீர்ந்துடுமேப்பா. அடுத்த பாட்டிலை யார் கொண்டுவருவா? உங்களுக்குத்தான் இந்தத் தெருவுக்கு வழி தெரியாதே."

"தெரியும்மா" என்றார் அவர். "எப்பவும் தெரியும். படியேறத்தான் தெரியல."