சவாரி வேண்டாம் என்ற றீற்றா அக்கா

“அக்கா மோசம் போட்டா. குறிகட்டுவானுக்கு வாரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சூசை தொலைபேசியை வைத்துவிட்டார். இறந்தது எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. சூசைக்கு இருந்தது ஒரே அக்காதான். வேலணையிலிருந்து, நெடுந்தீவுப் படகுகள் வந்து சேரும் அந்தத் துறைக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். புங்குடுதீவுப் பாலத்தில் சோளகக் காற்று ஆளைத் தள்ளி விழுத்தப் பார்த்தது. அதற்குள் கைபேசியில் செய்தி சுற்றத் தொடங்கியிருந்தது: ‘நெடுந்தீவில் குதிரையிலிருந்து விழுந்து பெண் பலி.’ அதை எழுதியவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. றீற்றா அக்காவோடு நெடுந்தீவைச் சுற்றிப் பார்த்த உங்களுக்காவது அன்று நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும்.

அவர் பிரான்சில் ஒரு குதிரை லாயத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர். “நான் அங்கை குதிரை லத்தி அள்ளினனான், அதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்?” என்பார். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது, அந்நாட்டில் காட்டு வழியாகக் குதிரையில் போகச் சனம் ஆசைப்படுவதைப் பார்த்துப் பிறந்த யோசனை அவரோடு வந்தது. நெடுந்தீவில் ஒல்லாந்தர் விட்டுப்போன கட்டைக் குதிரைகள் வெளியெங்கும் அலைகின்றன. அவற்றில் நாலைந்தை மட்டும் பொறுமையாகப் பழக்கினார். இறங்குதுறையிலிருந்து கல்வேலிகளுக்கு நடுவே போகும் ஒழுங்கைகள், பருத்த அடியுடைய பெருக்கமரம், இடிந்த பழைய லாயம், பிறகு மேற்கு வெளி என்று போகும் அந்தப் பாதையை நாங்கள் இருவரும் நடந்து நடந்துதான் தீர்மானித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வருவது என் வேலை. அவர்களைக் கண்டபடி குதிரை ஏற விடாமல் தடுப்பது அவர் வேலை.

ஒருமுறை நல்ல பருத்த உடம்புக்காரரான ஓர் அதிகாரி வந்தார். செவலை என்ற பெண்குதிரையின் பக்கத்தில் அவர் காலைத் தூக்கவும் அக்கா குறுக்கே வந்து நின்றார்.

“உமக்கு ஏலாது. நீர் நடவும்.”

“காசு குடுத்தல்லோ வந்தனான்?”

“ஓம், ஊர் பாக்கத்தானே குடுத்தனீர்? நடந்து பாரும். குதிரைக்கும் ஊர்ப்புதினம் கதைக்க ஆள் வேணும்.”

அதிகாரி கடைசி வரை செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். போகும்போது முகத்தை உம்மென்று வைத்திருந்தார். அடுத்த தைப்பொங்கலுக்குப் பிள்ளைகளோடு திரும்பி வந்தது வேறு கதை.

எங்கள் முதல் பலகையில் ‘நெடுந்தீவுக் குதிரைச் சவாரி’ என்று எழுதியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் சவாரி என்றால் மாட்டுவண்டிப் பந்தயம் என்பது எங்கள் இருவருக்குமே நினைவுக்கு வரவில்லை. ஒருநாள் சங்கானைப் பக்கத்திலிருந்து ஒரு படகு நிறைய ஆட்கள் கையில் மாடு விரட்டும் துவரந்தடிகளோடு வந்து இறங்கினார்கள். “எத்தினை சோடி அக்கா ஓடுது? முதல் பரிசு என்ன?” என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. தடிகளை வாங்கி வேலியோரம் சாத்திவிட்டு, அவர்களை ஒழுங்கை வழியே மெதுவாக நடத்திக் கூட்டிப்போனார். அன்றே பலகையில் அந்தச் சொல்லின் மேல் மை பூசி, ‘குதிரையோடு ஊர் பார்த்தல்’ என்று எழுதச் சொன்னார். இதைப் படித்துவிட்டு யார் வரப்போகிறார்கள் என்று பகிடி பண்ணினேன். “ஓட்ட வாறவன் வராமல் விட்டால் போதும்” என்றார்.

உங்களில் சிலருக்கு அவர் மேல் ஒரு மனத்தாங்கல் இருந்ததும் எனக்குத் தெரியும். வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வரும் ஆடி, ஆவணியில் அவர் பாதையை மூடிவிடுவார். அந்த மாதங்களில் மேற்கு வெளியில் நின்று பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். குளங்கள் வற்றி வெடித்துக் கிடக்கும். நடுவில் மிஞ்சிய சேற்றில் கால் புதைந்து எழும்ப முடியாமல் செத்த குதிரைகளைக் காகம் கொத்தும். கொழும்பிலிருந்து ஒருவர் பெரிய கூட்டத்தைக் கொண்டு வருவதாகக் கெஞ்சியபோது, “தண்ணியில்லாத மாசத்திலை இதுகளின்ரை முதுகிலை ஒருத்தரும் ஏறக்கூடாது, நானும் ஏறமாட்டன்” என்றார். அதில் அவர் யாருக்கும் விலக்குத் தரவில்லை. விடியவிடியத் தன் கிணற்றில் இறைத்து, காட்டுக் குதிரைகளுக்கும் தொட்டியில் ஊற்றுவார்.

இந்த முறை ஆவணியில், விடுமுறைக்கு வந்த சிலர் ஊரிலே குதிரைப் பந்தயம் வைக்கப் போவதாக அறிவித்தார்கள். நாங்கள் மை பூசி அழித்த அதே ‘சவாரி’ என்ற சொல்லைத்தான் போட்டிருந்தார்கள். இம்முறை அதன் பொருள் சரியாகவே இருந்தது. காட்டுக் குதிரைகளை முதல்நாளே வளைத்து, கல்வேலிக் காணி ஒன்றுக்குள் விட்டு, வேலியில் நுழைகிற வழியான கடப்பைக் கல்லால் அடைத்தார்கள். தாகத்தில் சோர்ந்தால் பிடிக்கச் சுகமாம். அக்கா போய்க் கேட்டார்.

“உதுகளுக்குத் தண்ணி வைச்சனீங்களோ?”

“ஓட்டம் முடியக் குடுப்பம், அக்கா. எங்கடை ஊர்க் குதிரைதானே.”

“ஊர்க் குதிரையெண்டால் ஊர்ச் சனத்தைப் போலைப் பாக்க வேணும், தம்பி” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர், செவலையில் ஏறினார். ஆடி, ஆவணியில் அவர் குதிரை ஏறியது அன்று ஒருநாள்தான். வெருண்ட கூட்டத்தை ஆள் நடந்து போய்க் கூட்டிவர ஏலாது, முன்னால் ஒரு குதிரை போக வேண்டும் என்று சூசையிடம் சொல்லியிருக்கிறார். சூசை கடப்பில் அடைத்திருந்த கல்லைத் தள்ளினார். அக்கா செவலையை முன்னால் விட்டுக் கிணற்றடிப் பக்கம் திரும்பினார். பந்தயக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்ததும் பின்னால் வந்த குதிரைகள் முண்டியடித்தன. செவலை கல்லில் தடக்கியது. அக்கா வேலிக் கல்லின் மேல் தலையடிபட விழுந்தார்.

ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வந்தால் நெடுந்தீவு இறங்குதுறையில் காற்று. பெரிய படகு ஓடவில்லை. இந்தக் கடலில் போனால் எல்லாரும் தாழுவோம் என்று சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அது உண்மைதான். கடைசியில் சூசை தன் மீன்பிடிப் படகிலேயே அக்காவைக் கிடத்திக்கொண்டு வந்தார். பாதி வழியில் அவருக்கு நினைவு வந்திருக்கிறது.

குறிகட்டுவானில் நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைச் சீலையால் மூடியிருந்தார்கள். சூசை நனைந்த உடுப்போடு பக்கத்தில் குந்தியிருந்தார்.

“எல்லாம் வெளியாலை வந்திட்டுதோ எண்டு கேட்டவ” என்றார். “ஓம் அக்கா, எல்லாம் தண்ணி குடிக்குது எண்டனான். குட்டியளுமோ எண்டு திருப்பிக் கேட்டவ. ஓமெண்டனான்.”

“நல்லதுதானே, சூசை அண்ணை.”

“இல்லை. ரண்டு குட்டி கடப்புக்குள்ளை மிதிபட்டுச் செத்துப் போச்சுதுகள். நான் பாத்தனான்.”

 அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் குந்தினேன். றீற்றா அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்திருப்பது ‘குட்டியளுமோ’ என்று அவர் கடைசியாகக் கேட்ட அந்தக் கேள்வியைத்தான். அதற்கான உண்மையான பதிலும் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்தப் படகில் நானே இருந்திருந்தாலும் அதை அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன்.