மயிலு அப்பா

அக்கா தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பெரியம்மா அடுப்படியில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அக்கா கட்டிலில் இருந்தபடி, "இதக் கேளுடி" என்றாள். முதலில் டிரம்ஸ். அதன் மேல் ரம்பம் போட்டு அறுப்பதுபோல ஒரு கிட்டார். பிறகு ஒரு பெண் அழுகிற குரல்: "மயிலு... மயிலு... மயிலு..." தாளத்துக்குச் சரியாக, திரும்பத் திரும்ப, ஒரே அழுகை. அது யாருடைய குரல் என்று எனக்குப் புரிந்தபோது கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடியே அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா புளியைப் பிழிந்து சக்கையை எறிந்துகொண்டிருந்தாள். மயிலு என்பது என் அக்காவை வீட்டில் கூப்பிடுகிற பெயர்.

அக்கா என்றால் என் பெரியம்மாவின் ஒரே மகள். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம்தான் எங்கள் இரண்டு வீடும். பெரியப்பா ஒரு பட்டறையில் பால்மில் ஓட்டினார். மண்ணையும் கல்லையும் தண்ணீர் விட்டு அரைக்கிற பெரிய இரும்பு உருளை அது. சுற்றும்போது உள்ளே கூழாங்கற்கள் புரண்டு விழுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். நான் இப்போதும் அதுபோல ஒரு பட்டறையில்தான் இருக்கிறேன்; கரண்டு கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் குப்பிகளைச் சரிபார்த்து வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி அனுப்புவது என் வேலை. அக்கா பட்டறைப் பக்கம் வரவில்லை. பிளஸ் டூ முடித்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட்டமில்லாத நேரத்தில் அங்கே அவள் கேட்க ஆரம்பித்ததுதான் மெட்டல் என்கிற இந்த இசை. ரேடியோவில் வராதது, கேசட் கடையில் கிடைக்காதது. எங்கேயோ பனி கொட்டுகிற தேசத்தில் யாரோ தன் அறையில் பதிவு செய்து, கொஞ்சம் பேர் கேட்டால் போதும் என்று விட்டுவிட்ட ஆல்பங்கள்.

பிறகு அவற்றைப் பற்றி இணையத்தில் தமிழில் எழுதவும் ஆரம்பித்தாள், ஒரு புனைபெயரில். படித்தவர்கள் எல்லோரும் அவளை ஆண் என்றே நினைத்துக்கொண்டார்கள். 'அண்ணா, சூப்பர்', 'ப்ரோ, நீங்க சொல்றது தப்பு' என்று பின்னூட்டம் போடுவார்கள். அவள் திருத்தவில்லை. "அக்கான்னு தெரிஞ்சா ஆல்பத்த வுட்டுட்டு என்னப் பத்திப் பேசுவானுங்கடி" என்பாள்.

என்ன மாதிரி எழுத்து அது! தயவு தாட்சண்யமே கிடையாது. கரகரவென்று மலிவாகப் பதிவு செய்யப்பட்ட ஒரு ஆல்பத்தை எல்லோரும் குப்பை என்று ஒதுக்கியபோது, 'தகரக் கொட்டகையில் உட்கார்ந்து மழையைக் கேட்டவனுக்கு இந்தப் பாட்டு புரியும், மற்றவன் போய் சினிமாப் பாட்டு கேட்கட்டும்' என்று எழுதினாள். புல்லாங்குழலும் ஆட்டுத்தோல் உடையுமாக மேடையேறுகிற ஒரு வெளிநாட்டுக் குழுவை, பொங்கல் விழாவுக்கு மட்டும் வேட்டி கட்டிக்கொண்டு வருகிற ஆபீஸ்காரர்கள் என்றாள். அட்டைப்படத்தில் மண்டையோடு போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. 'எங்கள் ஊரில் மண்டையோட்டை அச்சில் வார்த்து உண்டியல் செய்து விற்கிறார்கள், யாரும் பயந்ததில்லை.' இயந்திர ஓசைகளை வைத்துச் செய்கிற இசை என்றால் அவளுக்கு உயிர். அதனாலேயே அதில் ஏமாற்றுகிறவர்களிடம் கொலைவெறி. 'ஒரு அடியை வெட்டி, ஒட்டி, ஆயிரம் தடவை ஓடவிட்டால் அது மெஷினா? மெஷின் பக்கத்தில் நின்றிருக்கிறாயா நீ? பால்மில் ஒரு சுற்று சுற்றுவதுபோல மறு சுற்று சுற்றாது. உள்ளே கல் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.' அவள் எழுதியதில் எனக்கு மனப்பாடமாகிவிட்ட வரி ஒன்று உண்டு: 'கோபத்துக்கு ஒரு விலாசம் வேண்டும். யார் மேல் என்று தெரியாமல் கத்துகிறவன் தன் தொண்டையைத்தான் புண்ணாக்கிக்கொள்கிறான்.' எனக்கு அந்த இசை பிடித்ததே இல்லை. ஆனால் அவள் எழுதியதை ஒன்றுவிடாமல் படித்தேன். எங்கள் தெருவில் ஒருத்தி இவ்வளவு கோபமாகவும் இவ்வளவு சரியாகவும் பேசுகிறாள் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

பெரியப்பா இருமி இருமிச் செத்தார். பட்டறைத் தூசிதான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. சாவு வீட்டுக்கு உறவுக்காரப் பையன் ஒருவனோடு அவனுடைய சென்னை நண்பனும் வந்திருந்தான். தாடி வைத்த, மரியாதையான பையன். எல்லோருக்கும் டீ டம்ளர் எடுத்துக் கொடுத்தான். கையில் சின்னதாக ஒரு கருவி வைத்திருந்ததை நான் பார்த்தேன். போன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சாகிற வரைக்கும் மட்டுமில்லை, செத்த பிறகும் சொல்ல மாட்டார்கள். பிள்ளை பேரோடு அப்பாவைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். பெரியம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டு அழுதாள். "மயிலு அப்பா... மயிலு அப்பா... என்ன வுட்டுட்டு எப்படிப் போவ மனசு வந்துச்சி?"

அதில் 'அப்பா'வை வெட்டிவிட்டார்கள். அந்தத் தாடிக்காரனும் அவனுடைய குழுவும் நாட்டுப்புறமும் இயந்திரமும் மெட்டலும் கலந்த தங்கள் முதல் ஆல்பத்துக்காக அந்த அழுகையை எடுத்து, 'மயிலு' என்ற பாதியை மட்டும் நறுக்கி, டிரம்ஸுக்கு மேலே சுற்றவிட்டிருந்தார்கள். கேட்கிறவனுக்கு ஒரு தாய் செத்துப்போன தன் மகள் மயிலுவை நினைத்து அழுகிறாள் என்றுதான் தோன்றும். அந்த ஆல்பத்தை அவர்களே என் அக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். 'அண்ணா, உங்க விமர்சனம் எங்களுக்கு முக்கியம்' என்று எழுதி.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு நான் அக்காவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். "பாட்டு நல்லா இருக்குதுடி. அதான் எனக்கு எரியுது" என்றாள்.

அதையேதான் எழுதினாள். முதல் மூன்று பாட்டையும் மனசாரப் பாராட்டிவிட்டு, நான்காவதும் நல்ல பாட்டுதான், ஆனால் அதில் இருப்பது என் தாயின் குரல், செத்தது என் தகப்பன், மயிலு நான்தான், உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினாள். அவ்வளவு காலம் மறைத்துவைத்திருந்த தன்னை இந்த ஒரு பாட்டுக்காக வெளியே காட்டினாள். அண்ணா அண்ணா என்று கொண்டாடியவர்கள் ஒரே நாளில் மாறிப்போனார்கள். ஆதாரம் இருக்கிறதா என்று ஒருவன் கேட்டான். ஒப்பாரி பொதுச்சொத்து, அதற்கு உரிமையாளர் கிடையாது என்று ஒருவன் பாடம் நடத்தினான். இவ்வளவு நல்ல பாட்டில் உங்கள் பேர் வந்ததற்குச் சந்தோஷப்படுங்கள் என்று இன்னொருவன். பொம்பளைக்கு மெட்டலைப் பற்றி என்ன தெரியும், இத்தனை நாளும் எவனோ எழுதிக்கொடுத்திருப்பான் என்று எழுதியவனும் உண்டு. அவன் மட்டும் இன்றைக்கு என் எதிரில் வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

தாடிக்காரன் போன் செய்தான். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, ரொம்ப மரியாதையாத்தான் பண்ணியிருக்கோம். அம்மாவோட வாய்ஸ்ல ஒரு சத்தியம் இருக்கு" என்றான்.

"அப்பான்ற வார்த்தைய எதுக்கு வெட்டுனீங்க?"

"அது பீட்டுல உக்காரலக்கா."

புதுச்சேரியில் தங்கள் ஆல்பத்துக்கு ஒரு கூட்டம் வைத்திருப்பதாகவும், அம்மாவை அழைத்துவந்தால் மேடையில் கௌரவிப்பதாகவும் சொன்னான். பெரியம்மாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது. அவள் குரலை எடுத்துப் பாட்டில் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் அக்கா சொன்னாள். என்ன செய்திருக்கிறார்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எல்லோர் முன்னாலும் அவர்களை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டு, பாட்டைப் போடுவதற்குள் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. நாங்கள் மூன்று பேரும் நெய்வேலி வழியாகப் பஸ் ஏறினோம். பெரியம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள்.

ஏசி போட்ட ஹால். கறுப்புச் சட்டை போட்ட பையன்களும் பெண்களும் நிறையப் பேர். நாங்கள் உள்ளே நுழைந்ததும் தாடிக்காரன் ஓடிவந்து பெரியம்மாவின் காலில் விழுந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். பெரியம்மா கூச்சத்தோடு, "நல்லாயிருப்பா" என்றாள். அவளை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அக்கா மைக்கைக் கேட்டாள். "ஒரு நிமிஷம்க்கா, முதல்ல பாட்டு" என்றான் அவன். அக்கா பாய்ந்து தடுப்பதற்குள் விளக்கை அணைத்துப் பாட்டைப் போட்டுவிட்டான்.

தன் குரலே தன் மகளின் சாவுக்கு அழுவதுபோல அழுவதை, அந்தக் குளிரில், அந்தப் பெரிய ஸ்பீக்கரில் பெரியம்மா கேட்டாள். பாட்டு முடிந்து விளக்கு போட்டபோது அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மேடையை விட்டு இறங்கி நேராக அக்காவிடம் வந்தாள். அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடக்கு முறித்தாள். ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. த்தூ, த்தூ என்று மூன்று முறை தரையில் துப்பினாள். பிறகு திரும்பித் தாடிக்காரனைப் பார்த்துப் பேசினாள்.

"நான் கூப்ட்டு அழுதது இவ அப்பாவ. அந்த மனுசன எங்கடா காணோம்? மில்லுல தூசியத் தின்னுட்டு செத்தாரே, அவர எதுக்குடா வழிச்சிப் போட்டீங்க? பெத்த பொண்ணு கண்ணு முன்னாடி குந்தியிருக்கும்போது எவளாவது அவ பேரச் சொல்லி ஒப்பாரி வப்பாளா? என் வாயாலயே என் பொண்ண சாவடிச்சிட்டீங்களேடா!"

கை தட்டினார்கள். அந்த ஹாலில் இருந்தவர்கள் அதற்கும் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். "கை தட்டாதீங்க!" என்று அக்கா கத்தினாள். "அது பாட்டு இல்ல, எங்கம்மா உங்களத் திட்டுறாங்க. கை தட்டாதீங்க!" அதற்குப் பிறகுதான் அடங்கியது. நாங்கள் சாப்பிடாமல் பஸ் ஏறினோம். வழியெல்லாம் பெரியம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

பாட்டை எடுத்துவிடுவதாக அவன் சொன்னான். எடுக்கவில்லை. தலைப்பை மட்டும் மாற்றி, கீழே 'விருத்தாசலத்து அன்னைக்கு நன்றி' என்று போட்டான். விருத்தாசலத்து அன்னையாம். அக்கா விடாமல் சண்டை போட்டதில் சாவு வீட்டில் பதிவு செய்த முழு ஒலியையும் அனுப்பிவைத்தான். தன்னிடமிருந்த பிரதியை அழித்துவிட்டதாகச் சொன்னான். அதை மட்டும் உண்மையாகவே செய்தான் என்று அவனோடு சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துபோன குழுக்காரன் ஒருவன் பிறகு அக்காவிடம் சொன்னான்.

அந்த முழுப் பதிவை அக்கா பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். அதில் 'மயிலு அப்பா' முழுசாக இருந்தது. பறைச் சத்தம் இருந்தது. யாரோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. பெரியம்மா சுவரில் சாய்ந்து கடைசி வரைக்கும் கேட்டாள். "சரி, அழிச்சிடு" என்றாள்.

அக்காவுக்கு அதிர்ச்சி. எந்தப் பாட்டையும் அழிக்காதவள் அவள். பிடிக்காததைக்கூடச் சேர்த்துவைப்பாள். "ஏம்மா? அப்பாவுக்காக நீ அழுதது. உண்மையானது இது ஒண்ணுதான் இருக்குது."

"அன்னிக்கு அழுதேன், அவருக்குப் போய்ச் சேந்துடுச்சி. பொட்டியில போட்டு வச்சிக்கிறதுக்கா அழுதேன்? நாளைக்கு வேற எவனாவது எடுத்து வெட்டுவான். அழிச்சிடு."

அம்மாவும் மகளும் அதற்காகப் பேசாமல் இருந்தார்கள். அம்மா வைத்த குழம்பை அக்கா தொடாததால் நான் எங்கள் வீட்டிலிருந்து அவளுக்குக் குழம்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒருநாள் நான் போனபோது அக்கா கம்ப்யூட்டர் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். "அழிச்சிட்டேன்டி" என்றாள். அழுகையில்லை. கோபம்தான். "இனிமே உலகத்துல இருக்குறது அவனுங்க வெட்டுனது மட்டும்தான். அதுல எங்கப்பா இல்ல, நான் செத்துட்டேன்."

அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் பேய்ப் படத்துண்டுகளுக்கும் காதல் தோல்விக்கும் பின்னணியாகப் போடுகிறார்கள். அக்கா இன்னும் எழுதுகிறாள், இப்போது சொந்தப் பெயரில். முன்பைவிடக் காட்டமாக எழுதுகிறாள், முன்பைவிடக் குறைவான பேர் படிக்கிறார்கள். எந்த ஆல்பம் வந்தாலும், அதில் இருக்கிற குரல் யாருடையது, அவர்களிடம் கேட்டார்களா என்பதுதான் அவளுடைய முதல் வரி.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பெரியம்மா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன் சீட்டில் ஒரு ஆள், இஸ்திரி போட்ட சட்டை, போனை உயர்த்திப் பிடித்து வீடியோக்களை ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தான். திடீரென்று அது வந்தது. "மயிலு... மயிலு... மயிலு..." நான் பெரியம்மாவைத்தான் முதலில் பார்த்தேன். நல்லவேளை, விழிக்கவில்லை. அக்கா முன்னால் குனிந்து அவன் தோளைத் தட்டினாள். "அண்ணே, அத நிறுத்துங்க."

"ஏம்மா, பாட்டுதான?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "மயிலுன்றது நான்தாண்ணே. அழுவுறது இதோ, தூங்குறாங்களே, எங்கம்மா. செத்தது எங்கப்பா. அவர அவனுங்க வெட்டி எறிஞ்சிட்டானுங்க. நிறுத்துங்க."

அவன் அக்காவைப் பார்த்தான், பெரியம்மாவைப் பார்த்தான், நிறுத்தினான். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, தயங்கி, "உங்கப்பா பேரு என்னம்மா?" என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். அக்கா பெரியப்பாவின் பேரை, பஸ் முழுக்கக் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னாள்.