பூச்சியம் எழுதிய பள்ளியின் தோட்டம்

அலுவலகத்தில் அவளுக்கு 'ஏனக்கா' என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஒட்டிக்கொண்டது. கல்வி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஆசிரியர் நியமனப் பிரிவில், பதினாறு வருடமாக எழுத்தர். வந்த கடிதத்தைப் பதிவு செய்து, கோப்பில் கோத்து, அதிகாரியின் மேஜைக்கு அனுப்புவதுதான் வேலை. ஏன் என்று கேட்பது வேலையில் சேர்த்தி இல்லை. ஆனால் கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் ஏன் பச்சை அட்டை? மாடிப்படி ஏன் பதினேழாவது படியில் மட்டும் உயரம் குறைகிறது? பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வார்: "இவங்ககிட்ட ஒரு கோப்பு போச்சுன்னா, அது திரும்பி வர்றதுக்குள்ள நான் ஓய்வு வாங்கிடுவேன்." அதற்கும் அவள், "உங்களுக்கு எந்த வருஷம் சார் ஓய்வு?" என்று கேட்டு வைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை அதிகாரி அவளைக் கூப்பிட்டு ஒரு சின்ன வேலை கொடுத்தார். படிப்பில் சிரமப்படும் குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்களைச் சிறப்பாசிரியர் என்பார்கள். அந்த வட்டத்தின் இருபத்து மூன்று பள்ளிகளுக்குச் சேர்த்து மொத்தம் ஒன்பது பேருக்கு இடம். ஒருவர் ஓய்வு பெற்றுப் போக, ஒரு இடம் காலி. அவர் வேலை பார்த்த பள்ளியும் மூடியாகிவிட்டது. வேறு எந்தப் பள்ளியும் சிறப்பாசிரியர் வேண்டும் என்று காட்டவில்லை.

"தேவை இல்லைன்னு ரெண்டு வரி எழுதி, அந்த இடத்தை மேலிடத்துக்குத் திருப்பி அனுப்பிடும்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள போயிடணும்" என்றார்.

ஒருமுறை திருப்பி அனுப்பிய இடம் மறுபடி வராது. அது அவளுக்குத் தெரியும். எழுதுவதற்கு முன் எல்லாப் பள்ளிகளின் படிவங்களையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். 'சிறப்பாசிரியரால் கண்டறியப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். சிறப்பாசிரியர் இருக்கிற எட்டுப் பள்ளிகளில் பத்து, பதினான்கு, ஒன்பது என்று போகிறது. இல்லாத பதினைந்து பள்ளிகளில் ஒரே பூச்சியம். போன வருடமும் பூச்சியம். அதற்கு முந்தின வருடமும். ஏழு வருடமாகப் பூச்சியம்.

"இது என்ன கூத்து?" என்று வாய்விட்டே சொன்னாள். "சிறப்பாசிரியர் போற பள்ளிக்கூடத்துல மட்டும்தான் பிள்ளைங்களுக்குப் படிப்பு வரலையா? இவங்கதான் பரப்புறாங்களா?"

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அரிப்புதான் வந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

மறுநாள் மதியம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினாள். அவள் வீட்டிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு பள்ளி, பூச்சியக்காரப் பள்ளிகளில் ஒன்று. ஆனால் சிறந்த தோட்டத்துக்கான பரிசை மட்டும் நான்கு வருடமாக விடாமல் வாங்கியிருந்தது. அந்தப் பரிசளிப்புப் படம் அலுவலக வராந்தாவில் தொங்குகிறது. எப்படி இவர்களுக்கு மட்டும் இப்படி வளர்கிறது என்பது அவளுக்குப் பழைய சந்தேகம். ஒரே நடையில் இரண்டு கேள்வியையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

தோட்டம் உண்மையிலேயே கண்ணைப் பறித்தது. ரோஜா, தக்காளி, மிளகாய், எலுமிச்சை, சூரியகாந்தி. ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் பெயர் எழுதிய ஒரு சின்ன மரப்பலகை. வகுப்பறைகளிலிருந்து பாடம் வாசிக்கும் சத்தம் கோரஸாக வந்துகொண்டிருக்க, தோட்டத்தில் பதினோரு பிள்ளைகள் ஆளுக்கொரு பூவாளியோடு நின்றார்கள். வெவ்வேறு வகுப்பு, வெவ்வேறு உயரம். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்தான் மேஸ்திரி போல எல்லோரையும் மேய்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயதிருக்கும்.

"உனக்கு கிளாஸ் இல்லையாம்மா?"

"இப்போ வாசிப்பு பீரியட், டீச்சர். நாங்க தண்ணி ஊத்துவோம்."

"நான் டீச்சர் இல்ல. தினமும் ஊத்துவீங்களா?"

"வாசிப்பு வர்றப்ப எல்லாம் ஊத்துவோம். பெரிய ஆபீசருங்க வந்தா அன்னைக்கு முழுக்க ஊத்துவோம்."

ஏனக்கா செடிகளைச் சுற்றி வந்தாள். ஒரு இடத்தில் நின்றாள். பழுத்துத் தொங்கிய தக்காளிச் செடிக்குப் பக்கத்தில் 'ரோஜா' என்று பலகை. ரோஜாவுக்குப் பக்கத்தில் 'எலுமிச்சை'. சூரியகாந்தி 'மிளகாய்' ஆகியிருந்தது. சுவருக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் பலகைகளைப் பிடுங்கி, கைக்கு வந்தபடி நட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். வெள்ளை பழுப்பேறிக் கிடந்ததைப் பார்த்தால் ஒரு வருடமாவது ஆகியிருக்கும்.

"இந்தப் பலகையில என்னம்மா எழுதியிருக்கு?"

அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள். பிறகு செடியைப் பார்த்தாள். "தக்காளி" என்றாள் தைரியமாக.

அடுத்த பையனைக் கேட்டாள். அவனும் தக்காளி. பதினோரு பேரையும் கேட்டாள், பதினோரு பேரும் தக்காளி. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் தோட்டத்துப் பக்கம் வருவதில்லை. தோட்டத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு வருடமாக ரோஜாப் பலகை தக்காளிக்குக் காவல் நிற்கிறது.

"உன் நோட்டு இருக்கா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்து எழுதிய எழுத்து முத்து முத்தாக இருந்தது. வாசிக்கச் சொன்னால், ஒரு வரியைக்கூட அந்தப் பெண்ணால் வாசிக்க முடியவில்லை. எழுத்துகளை அவள் வரைந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"இந்த வருஷத்தோட நான் நின்னுடுவேன்" என்றாள் அந்தப் பெண், வாளியில் தண்ணீர் பிடித்தபடி. "மண்டையில ஏறலைன்னு அப்பா சொல்லிட்டாரு. தோட்டத்தை யாரு பாத்துப்பாங்கன்னுதான் தெரியல."

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. நாற்காலி இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், ஒளிக்காமல் பேசினார்.

"என்னம்மா பண்றது? வாசிக்க வராததுங்கள உள்ள உக்கார வச்சா மத்ததுங்க சிரிக்குது. இதுங்க கூனிக் குறுகிப் போகுது. வெளியில விட்டா சந்தோஷமா இருக்குதுங்க. எனக்கும் மனசுதானே?"

"அப்போ படிவத்துல ஏன் சார் பூச்சியம் போட்டீங்க?"

"சிறப்பாசிரியர் கண்டுபிடிச்ச பிள்ளைங்க எத்தனைன்னு நீங்கதானே கேட்டிருக்கீங்க? எங்ககிட்ட அப்படி ஆளே இல்ல. இல்லாத ஆள் எத்தனை பேரைக் கண்டுபிடிப்பாரு? பொய்யா எழுத முடியும்?"

அவள் மனதுக்குள் கோத்துப் பார்த்தாள். கண்டுபிடிக்க ஆசிரியர் வேண்டும், ஆசிரியர் வர எண்ணிக்கை வேண்டும், எண்ணிக்கை வர ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் படிவத்தை ஏழு வருடத்துக்கு முன் தட்டச்சு செய்து, சரிபார்த்து, மூலையில் சுருக்கொப்பம் போட்டது வேறு யாருமல்ல, அவளேதான். ஊரில் உள்ளதையெல்லாம் ஏன் ஏன் என்று குடைகிறவள், தன் கையால் அடித்த காகிதத்தை ஏன் என்று கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் தம்பியின் ஞாபகம் வந்தது. லாரி பட்டறையில் இருக்கிறான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் உதிரி பாகத்தின் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படமெடுத்து அக்காவுக்குத்தான் அனுப்புவான். அவனை ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள். பள்ளியில் படித்தபோது ஆசிரியருக்கு டீ வாங்கி வர, சாக்பீஸ் எடுத்து வர எப்போதும் அவனைத்தான் அனுப்புவார்கள். அவன் செல்லப்பிள்ளை என்று நினைத்து இவள் பொறாமைப்பட்டிருக்கிறாள். வாசிப்பு பீரியடில்தான் டீ வாங்க அனுப்பினார்கள் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. பேருந்து என்றும் பாராமல் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை காலை அதிகாரி நாற்காலியில் உட்காருவதற்குள் முன்னால் போய் நின்றாள். பலகைக் கதையைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாவம்தான். ஆனா சிறப்பாசிரியர் கண்டுபிடிச்சாதான் கணக்குல எடுக்க முடியும். விதி இருக்கும்மா."

"நம்ம எட்டுப் பேர்ல ஒருத்தரை ஒருநாள் அங்க அனுப்பக் கூடாதுன்னு விதி இருக்கா சார்?"

அவர் விதிப் புத்தகத்தை எடுத்தார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். "அப்படி ஒண்ணும் இல்ல."

"அப்போ ஏன் சார் இத்தனை வருஷமா அனுப்பல?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும் கேக்கலம்மா" என்றார்.

வியாழக்கிழமை ஒரு சிறப்பாசிரியை பெரிய துணிப்பையோடு அந்தப் பள்ளிக்கு வந்தார். ஏனக்காவும் கூடப் போனாள், வேடிக்கை பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. பரீட்சை மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கதை சொல்லச் சொன்னார், கைதட்டலை எண்ணச் சொன்னார், ஒரு சொல்லின் முதல் சத்தத்தை மட்டும் பிரித்துச் சொல்லச் சொன்னார். ஈர மணலைத் தட்டில் கொட்டி, விரலால் எழுத்தைப் போடவைத்து, போடும்போதே அதன் சத்தத்தையும் சொல்லவைத்தார். சாயங்காலம் முடிவு சொன்னார். இரண்டு பேருக்குக் கண்ணாடி போட்டால் போதும். இரண்டு பேர் பள்ளி மாறி மாறி வந்ததில் எழுத்தே கற்காமல் விடுபட்டவர்கள். மீதி ஏழு பேருக்குத்தான் உண்மையான சிரமம். இரட்டைப் பின்னல் அந்த ஏழில் ஒருத்தி.

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அப்பாவை அந்த ஆசிரியை விடவில்லை. "மண்டையில ஏறலைன்னு யார்ங்க சொன்னது? ஏறும். அதுக்கு ஏணி வேற. இன்னும் ஒரு வருஷம் குடுங்க."

அவர் மகளைப் பார்த்தார், மணல் தட்டைப் பார்த்தார். "ஆள் வருவாங்களா முதல்ல? வந்தா விடுறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு நாற்பதுக்குக் கடிதம் போனது. ரெண்டு வரிக் கடிதம்தான், ஆனால் அந்த இடத்தைத் திருப்பாமல் இந்தப் பள்ளிக்கே கேட்டு. பூச்சியத்துக்குப் பதில் ஏழு என்று இருந்தது. கூடவே, படிவத்தின் அந்தக் கட்டத்தை மாற்றச் சொல்லி இன்னொரு காகிதமும் வைத்தாள். மற்ற பதினான்கு பள்ளிகள் அவள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தன.

புதுக் கல்வியாண்டின் இரண்டாவது வாரம் அந்தப் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வந்து சேர்ந்தார். அதற்கு எட்டு மாதம் கழித்து ஏனக்கா ஒருநாள் மறுபடி போனாள். தோட்டம் பாதி வாடிக் கிடந்தது. தலைமையாசிரியர் கேட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"இந்த வருஷம் பரிசு போச்சு. தண்ணி ஊத்த ஆளே இல்ல. ஒரு தோட்டக்காரர் பணியிடம் கிடைக்குமா, பாருங்க."

இடைவேளை மணி அடித்ததும் இரட்டைப் பின்னல் வாளியோடு ஓடி வந்தாள். பழக்கதோஷத்தில் நேரே தக்காளியிடம் போனாள். தண்ணீர் ஊற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள். பலகையில் விரலை வைத்தாள். உதடு அசைந்தது. முதல் எழுத்தில் வெகுநேரம் நின்றாள், இரண்டாவதில் அதைவிட நேரம்.

"ரோ... ஜா." செடியைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். அடுத்த பலகைக்கு ஓடினாள், அதற்கடுத்ததற்கு ஓடினாள். இடுப்பில் கை வைத்துத் தலைமையாசிரியரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், எல்லாமே மாறிக் கிடக்கு. இவ்ளோ நாளா யாருமே பாக்கலையா?"

தலைமையாசிரியர் கிட்டே வந்து ஒவ்வொரு பலகையாகக் குனிந்து பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "பாக்கல."

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவளோடு சேர்ந்து பலகைகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.