ஊசிக்குப் பயந்த கதாநாயகன்

ஜனவரி 9: தபால் செலவு 22.00
மார்ச் 3: தபால் செலவு 22.00
மே 17: தபால் செலவு 24.50

மூன்று முறையும் கதை திரும்பி வந்தது. பஸ் டிப்போவில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், கதாநாயகனையும் சரக்கு இருப்பு எடுப்பதுபோலவே எழுதியிருந்தார். உயரம், எடை, செருப்பு அளவு எல்லாம் பிசகாமல் இருந்தன. மூன்றாம் முறை பத்திரிகை ஆசிரியர் இரண்டு வரி எழுதியனுப்பினார்: "இவருக்கு என்னால் செருப்பு வாங்கித் தர முடியும். இவர்மீது பாசம் மட்டும் வரமாட்டேன் என்கிறது."

மனைவி கதையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஆளு நீங்கதானே?"

"சேச்சே, கற்பனை."

"ஆமாமா, அதான் எதுக்குமே பயப்பட மாட்டேங்கிறான். போன வாரம் பல்லு பிடுங்கப் போனப்போ, ஊசியைப் பார்த்துட்டு என் விரலை நசுக்கினது யாராம்? டாக்டரம்மா முதல்ல எனக்குத்தானே மருந்து போட்டாங்க!"

"அதை எழுதினா எல்லாரும் சிரிப்பாங்கடி."

"நானுந்தான் சிரிச்சேன். அப்புறம் பாவமா இருந்துச்சு. வீடு வர்ற வரைக்கும் உங்க கையை விட்டேனா?"

கதை அச்சில் வரவேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. மானம் போகக்கூடாது என்றும் ஆசை. இரண்டு நாள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கதாநாயகனைப் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார வைத்தார். ஊசியைப் பார்த்ததும் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு மனைவியின் விரலைப் பிடித்தான். செருப்பு அளவை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

கதையை வெளியிடுவதாகச் சொல்லி, "அந்த அம்மாவின் விரல் இப்போது எப்படி இருக்கிறது?" என்றும் விசாரித்து, ஆசிரியரின் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது ஜூலை 28.