குறட்டை வைத்துப் பார்த்த ஹெட்போன்

நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் பேய் வருவதென்றால் பட்டப்பகலில்தான் வர வேண்டும். ராத்திரியில் அதற்கு வசதிப்படாது. மைன்ஸ் விளக்கு, ஷிப்ட் பஸ், டீக்கடை என்று ஊரே முழித்துக்கொண்டிருக்கும். பகலில்தான் தெரு செத்துக் கிடக்கும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் ஜன்னலில் போர்வையை மாட்டிக்கொண்டு படுத்துவிட, மற்றவர்கள் அவர்களுக்காகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். அந்த பிளாக்கில் பாதி வீடுகளில் காலிங் பெல் ஒயரைப் பிடுங்கிவைத்திருந்தார்கள். பிள்ளைகள்கூடச் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துச் சண்டை போடும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கக் கற்றுக்கொண்டான் என்றால் அவன் செங்குட்டுவனாகத்தான் இருக்க முடியும். ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டவன். மந்தாரக்குப்பத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் ஸ்பீக்கர் பெட்டி தூக்குகிறான். திருவிழாக் காலத்தில் இனியனின் மெல்லிசைக் குழுவில் கிதார். அப்பா சக்கரபாணி மைன்ஸில் பர்மனன்ட். அண்ணன் அன்புச்செல்வன் அங்கேயே கான்ட்ராக்டில் இருந்தான். இருவருக்கும் நைட் ஷிப்ட் என்றால், பகலில் உள்ளறையில் ஒரே பாயில் படுத்து மாறி மாறிக் குறட்டை விடுவார்கள். செங்குட்டுவன் வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கச்சேரி நடத்துவதுபோல் அம்மாவுக்கு நடித்துக் காட்டுவான். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

போன வருஷம் முத்தாண்டிக்குப்பம் வளைவில் பைக்கோடு விழுந்து அன்புச்செல்வன் போய்விட்டான். வாசல் கச்சேரியும் நின்றுபோனது.

வீட்டில் ஸ்பீக்கரில் வாசிக்க முடியாது. கிதாரைச் சத்தம் மாற்றித் தரும் எஃபெக்ட் பெட்டியில் செருகி, ஹெட்போனில் கேட்டுக்கேட்டுத்தான் டோன் வைக்க வேண்டும். அங்கேதான் வினை. அவனிடம் இருந்தது பாஸ், அதாவது அடிச்சத்தம், வீங்கிய ஹெட்போன். காதில் எல்லாமே தடித்துக் கேட்டதால் பாஸைக் குறைத்தான். மந்தமாகக் கேட்டதால் கீச்சுச் சத்தமான ட்ரெபிளை ஏற்றினான். போன மாசம் மேடையில் ஸ்பீக்கர் வழியே வந்தது கிதார் இல்லை, கொசு. முன்வரிசையில் ஒருவர் நிஜமாகவே காதருகே தட்டிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம திருவதிகை. அங்கயும் கொசு அடிச்சின்னா கிதார் பார்ட்டை நானே கீபோர்டுல வாசிச்சிக்கிறேன். நீ பொட்டி தூக்கிகினு வந்தாப் போதும்" என்றான் இனியன். அதைச் சொன்ன கையோடு, கடலூர்க் கடையில் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிவந்த இரண்டு ஹெட்போன்களையும் நீட்டினான். "ஒண்ணை வச்சிக்க. எது கூட்டாம கொறைக்காம உள்ளதை உள்ளபடி சொல்லுதோ அது."

எது உண்மை சொல்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நன்றாகத் தெரிந்த பாட்டை வைத்துக் கேள் என்பார்கள். செங்குட்டுவனுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் ஏதோ ஒரு ஓட்டை ஸ்பீக்கர் வழியாக வந்தவைதான். நேரில், தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்ட சத்தம் ஒன்றே ஒன்று. செவ்வாய்க்கிழமை மதியம் உள்ளறைக் கதவின் அடியில் போனைத் தள்ளி அப்பாவின் குறட்டையைப் பதிவு செய்தான். இரண்டு நிமிஷம்கூட இராது.

சனிக்கிழமை மதியம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா உள்ளே படுத்திருந்தார். முதலில் பழைய ஹெட்போனில் கேட்டான். மைன்ஸில் மண் வெட்டுகிற மிஷின் பாயில் ஏறிப் படுத்தாற்போல் இருந்தது. இனியன் தந்ததில் முதலாவது, குறட்டையைத் தகர டப்பாவுக்குள் போட்டது. இரண்டாவது, காதுக்கு வெளிப்புறம் வலை போட்ட ரகம். உள்ளே ஓடுவது வெளியேயும் லேசாகக் கசியும். அதை மாட்டியதும் செங்குட்டுவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் ஆள் படுத்திருப்பதுபோலவே இருந்தது. யாரும் இல்லை.

இதுதான், என்று முடிவு செய்துவிட்டான். மறுபடி ஓடவிட்டான். ஃபேன் சத்தம். இழுப்பு. விடுப்பு. ஒவ்வொரு விடுப்பின் வாலிலும் மெல்லிசாக ஒரு விசில்.

அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். அப்பாவின் குறட்டை 'களுக்'கென்று முடியும். விசில் அண்ணனுடையது. கிரிக்கெட் பந்து பட்டு முன்பல் பாதி உடைந்ததிலிருந்து வந்தது. பாஸ் ஹெட்போன் அதை முழுங்கிவிட்டிருந்தது.

கதவு திறந்தது. அப்பா சொம்போடு நின்றார்.

"இன்னாடா பண்ணிகினு இருக்க?"

"ஒண்ணுமில்லப்பா. எழுப்பிட்டனா?"

"தூங்கினாத்தான எழுப்புறதுக்கு."

"செவ்வாக்கெழம நல்லாத்தான தூங்கின? கொறட்டை கதவைப் பேத்துச்சு."

"எவன் சொன்னது? பெரியவன் போனதுலேர்ந்து எனக்குப் பகல்ல பொட்டுத் தூக்கம் கெடையாது. ஒங்கம்மா பயப்படுவாளேன்னு கண்ண மூடிகினு கெடக்கறேன்." அவர் பார்வை ஹெட்போனில் நின்றது. "கொறட்டையா ஓடுது அதுல? குடு."

"பேட்டரி இல்லப்பா" என்றான் செங்குட்டுவன். அன்றைக்கு அவனுக்கு ஒரு பொய்கூடச் சரியாக வரவில்லை. ஹெட்போனிலிருந்து ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

சக்கரபாணி வாங்கி மாட்டிக்கொண்டார். பிறகு அவர் விரல் தானாகப் போய்த் தன் முன்பல்லைத் தொட்டது.

"விசிலடிக்கிறான் பாரு, கழுத" என்றார்.

போனையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பாயின் ஓரத்தில், ஓர் ஆள் படுக்கிற இடம் விட்டு, ஹெட்போனோடு படுத்தார். இந்த ஒரு வருஷமும் அப்படித்தான் படுத்திருக்கிறார் என்பதைச் செங்குட்டுவன் அப்போதுதான் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் 'களுக்' என்று முடிகிற குறட்டை ஒன்று கிளம்பியது.

மறுநாள் திருவதிகை. டோன் இன்னும் வைக்கவில்லை. மாலையில் இனியன் வந்து மற்றதை வாங்கிக்கொள்வான். உள்ளே போய் அந்தக் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். செங்குட்டுவன் கதவு வரைக்கும் போனான். திரும்பி வந்து, பழைய பாஸ் ஹெட்போனையே மாட்டிக்கொண்டான்.

இது என்ன பொய் சொல்லும் என்று இப்போது தெரியும். அடியை வீங்கவைக்கும், விசிலை முழுங்கும். அப்படியானால் காதுக்குக் கூழாகக் கேட்கிறபடி விட்டுவிட வேண்டும். ஸ்பீக்கரில் அதுதான் சோறாக வரும். பாஸைக் குறைக்கத் துடித்த கையை அடக்கினான். ட்ரெபிளை இறக்கினான். இன்னும் கொஞ்சம். மறுநாள் மேடையில் முதல் பாட்டிலேயே இனியன் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான். யாரும் கொசு அடிக்கவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மதியம், டோனை வைத்து முடித்து ஹெட்போனைக் கழற்றியபோது, வீட்டில் இரண்டு குறட்டைகள் கேட்டன. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று அவர் காதில் இருந்த ஹெட்போனின் வலை வழியே கசிந்துகொண்டிருந்தது, வாலில் விசிலோடு.

பதிவு எப்போதோ முடிந்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப ஓடும்படி அவன் வைத்திருக்கவில்லை. அப்பாவுக்கு அந்த போனில் பேசத்தான் தெரியும்.

எட்டிப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். செங்குட்டுவன் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி நின்று, மெதுவாக இரண்டு கையையும் தூக்கித் தாளம் போட ஆரம்பித்தான்.