கால்கள் கேட்ட தாளம்

அவள் தையற்காரி. புருஷன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். நடுக்குவாதம் வந்து வேலையை விட்டார். கை நடுங்குவது கூட இருவருக்கும் பழகிவிட்டது. நடக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொள்வதுதான் கொடுமை. கதவு நிலை வந்தால் போதும், அப்படியே நின்றுவிடுவார். "நகர மாட்டேங்குது" என்பார். விழாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் சமையலறை வாசலில் அப்படி நின்றபோது, மாடி வீட்டுப் பெண் பாட்டைச் சத்தமாக வைத்தாள். ரெகேட்டோன் என்கிற வெளிநாட்டு ஆட்டப் பாட்டு. பாஷை புரியவில்லை. தும், த-தும்-தக் என்று ஒரே அடி, அவசரமே படாமல், திரும்பத் திரும்ப. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் இடுப்பு லேசாக அசைந்தது. பின்னாலேயே கால் எழுந்தது. வாசலைத் தாண்டிவிட்டார்.

"எப்படிங்க?"

"நான் நடக்கலை. அது நடத்துச்சு."

அவள் மாடிக்குப் போய் விசாரித்தாள். "இது ஆடுற பாட்டு அக்கா. முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க, இடுப்பை அது போக்குல விடுங்க. மத்தது தானா வரும்" என்று அந்தப் பெண் ஆடிக் காட்டி, போனில் பாட்டுகளையும் ஏற்றிக் கொடுத்தாள்.

அன்று முதல் சாயங்காலம் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். தெருவில் அவள் கையைக்கூடப் பிடிக்காத மனுஷன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆடினார்.

"யாராவது பார்த்தா மானம் கப்பலேறிடும்" என்றாள்.

"ஏறட்டும். நான் பாத்ரூம் வரைக்கும் போயிடுவேன்ல."

மழைக்காலம் வரை அப்படி ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம் பாட்டு ஓடியது, கால் எழவில்லை. வேறு பாட்டு வைத்தாள். சத்தத்தைக் கூட்டினாள். அவர் தாளத்தைக் கேட்டார், தலைகூட ஆடியது. கால் மட்டும் யாருடையதோ போல நின்றது.

அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். "நீயாவது ஆடு. நான் பாக்குறேன்" என்றார்.

"எனக்கும் வரலைங்க."

பொய். அவள் உடம்பு முழுக்க அந்த அடி இறங்கிக்கொண்டிருந்தது. முட்டி மடங்கப் பார்த்தது. மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் இடுப்பையே பார்த்தார், புரிந்துகொண்டார்.

"பாட்டை அணைச்சிடு" என்றார்.

அணைத்தாள். அடுத்த மாதம் அவர் படுத்த படுக்கையானார். மாடி வீட்டுப் பெண் இரக்கப்பட்டு, தானும் பாட்டு வைப்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்த வேண்டாம் என்று போய்ச் சொல்ல இவளுக்கு மனமும் வரவில்லை, தெம்பும் இல்லை.