மூத்த மாப்பிள்ளையின் கால்கள்

போன வாரம் எங்கள் ஸ்டுடியோவில் ஒருவருக்குக் கால் வைத்தோம்.

பதற வேண்டாம். போட்டோவில்தான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். தெரியாதவர்களுக்காக — பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்தேன். காரைக்காலில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் டச்சப் வேலை பார்க்கிறேன். கட்டட வரைபடம் போடப் பழகிய கை, இப்போது கல்யாணப் பெண்களின் முகத்தில் இருக்கும் தழும்புகளை மறைத்துக்கொண்டிருக்கிறது. படம் எடுப்பது முதலாளி பக்கிரிசாமி அண்ணன். டார்க் ரூமும் பிரஷ்ஷும் பிளேடும் என் பொறுப்பு.

கலியபெருமாள் என்பவர் ஒரு கவரை எடுத்துக்கொண்டு வந்தார். சுரக்குடியில் விவசாயம். மனைவியின் ஊர் குரும்பகரம். அந்த வீட்டுக்கு இவர் மூத்த மாப்பிள்ளை. சமீபத்தில் அங்கே இளைய பெண்ணுக்குக் கல்யாணம். படம் எடுத்தது நாங்கள்தான்.

கவருக்குள் ஒரு போட்டோ. கோட்டும் டையும் ஷூவும் போட்டு ஒருவர், ஏதோ வெளிநாட்டுத் தெருவில் நின்றுகொண்டிருந்தார். மணப்பெண்ணின் அண்ணன் துரை. பிரான்சில் பட்டாளத்தில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் ‘சொல்தா’ என்றால் எல்லோருக்கும் புரியும். தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. படத்தை மட்டும் அனுப்பி வைத்திருக்கிறார்.

“குரூப் போட்டோவுல மச்சானையும் சேத்துடணும் தங்கச்சி. அத்தை அன்னையிலேருந்து சரியாவே சாப்பிடல. புள்ள இல்லாத கல்யாணப் படத்தைக் கூடத்துல மாட்ட மாட்டேங்குறாங்க” என்றார்.

இது எங்களுக்கு அடிக்கடி வரும் வேலை. ஒரு படத்தில் இருப்பவரை வெட்டி எடுத்து இன்னொரு படத்தில் நிறுத்துவது. கேட்கச் சுலபம். பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது என்பதால், இதற்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஆள் அளவு பொருந்துகிறதா? வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறதா? முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? காலை என்ன செய்வது?

இரண்டு படங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவு — பரவாயில்லை. துரையின் படத்தைக் காப்பி எடுத்து, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரை ஏற்றி இறக்கிச் சரிசெய்துவிடலாம். வெளிச்சம் — நல்லவேளையாக இரண்டிலும் இடப்பக்கம். ஆனால் துரை லேசாக வலப்பக்கம் திரும்பி நிற்கிறார். அதனால் படத்தின் இடது பாதியில்தான் நிறுத்த முடியும். வலது பாதியில் வைத்தால் மொத்தக் குடும்பத்துக்கும் முதுகைக் காட்டுவார்.

அடுத்தது கால். பந்தலுக்குள் எல்லோரும் வெறுங்காலோடு இருக்க, இவர் மட்டும் ஷூவோடு நிற்க முடியுமா? ஆகவே இடுப்போடு வெட்டி, உட்கார்ந்திருக்கும் யாருக்காவது பின்னால் வைக்க வேண்டும்.

“எங்க நிறுத்தணும்னு ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டேன்.

“கொழுந்தியா பக்கத்துல. அத்தை நாற்காலிக்குப் பின்னால.”

அந்த இடம் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. ஒன்றே ஒன்றைத் தவிர. அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் துண்டு, நெற்றியில் வியர்வை...

“அங்க நீங்க நிக்கிறீங்களேண்ணே.”

படத்தை வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தவர் போல இருந்தார்.

“நான் நின்னா என்ன? என் மேலயே வச்சிடுங்க.”

பக்கிரிசாமி அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார். கல்யாணத்தன்று நாள் முழுக்க அங்கே இருந்தவர் அவர். பந்தல்கால் நட்டது முதல் கடைசிப் பந்தி வரை யார் ஓடினார்கள் என்று அவருக்குத் தெரியும். “ஏன் தம்பி, கல்யாணத்தையே தூக்கி நிறுத்துன ஆளு நீங்க. உங்களையே மூடிடச் சொல்றீங்களே” என்றார்.

“அதுல மூஞ்சி நல்லாவா இருக்கு? பாதிக் கண்ணை மூடியிருக்கேன்னு வீட்டுல ஒரே சிரிப்பு” என்று சொல்லிவிட்டு, மறுநாள் சாயங்காலம் எல்லோரும் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

எனக்கு வேலை ஓடவில்லை. சரி, இந்தப் படத்தில் மறைந்தால் என்ன, வேறு படங்களில் இருப்பாரே என்று அந்தக் கல்யாணத்தின் நெகட்டிவ்கள் எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இருந்தார். தாலி கட்டும் படத்தில், ஓரத்தில் அட்சதைத் தட்டை நீட்டும் ஒரு கை. பந்தியில், சாம்பார் வாளியோடு குனிந்த முதுகு. மாப்பிள்ளை அழைப்பில், யாரையோ கூப்பிடப் பின்னால் திரும்பிய ஒரு காது. முகம் மட்டும் எங்கேயும் இல்லை. முகம் இருந்த ஒரே படம் குரூப் போட்டோதான். அந்த முகத்தின் மேல்தான் நான் இப்போது துரையை ஒட்டப் போகிறேன்.

ஆக, நாளைக்கு இந்தப் படம் பிரான்சுக்குப் போகும். கூடத்திலும் மாட்டுவார்கள். இரண்டு தலைமுறைக்குப் பிறகு பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? துரை கல்யாணத்தில் இருந்தார் — இதோ நடுவில் நிற்கிறார். மூத்த மாப்பிள்ளையா? அவர் வரவில்லை போலிருக்கிறது, ஏதோ மனஸ்தாபம்... இப்படித்தானே?

“அண்ணே, இவரையும் வெட்டி எடுத்து வேற இடத்துல வைக்கிறேன்” என்றேன்.

“கேட்டது ஒரு ஆளு. நீ ரெண்டு ஆளை மாத்துறேங்குற” என்று முனகினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலில் துரை. அவர் கோட்டின் கீழ் ஓரத்தை, முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கொண்டை, தோள், நாற்காலி முதுகு என்று அந்த விளிம்புகளை ஒட்டியே வெட்ட வேண்டும். வெட்டிய ஓரங்களைப் பின்பக்கமாக உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கினால்தான் ஒட்டியது தெரியாது. கலியபெருமாளின் முழங்கை மட்டும் கோட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அதைப் பிரஷ்ஷால் மறைத்தேன்.

அடுத்து, இன்னொரு பிரிண்ட்டிலிருந்து கலியபெருமாளை வெட்டினேன். இடது ஓரத்தில், பந்தல்காலில் கட்டிய வாழைமரத்தின் பக்கத்தில் நல்ல இடம் இருந்தது. கொண்டுபோய் வைத்தேன்.

வைத்த பிறகுதான் தெரிந்தது... இவருக்கும் காலே கிடையாது. அதுவரை மாமியாரின் நாற்காலிதான் இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் மறைத்திருந்தது. இப்போது வாழைமரத்துக்குப் பக்கத்தில், இடுப்போடு, காற்றில் மிதந்துகொண்டிருந்தார்.

பக்கிரிசாமி அண்ணன் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

முன்னால் ஒரு காலி நாற்காலி போடலாமா என்று யோசித்தோம். கல்யாணப் படத்தில் காலி நாற்காலியா? வேண்டாம். கடைசியில் அண்ணனே உள்ளே போனார். பேன்ட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டுடியோவில் வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கும் பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்து வெறுங்காலோடு நின்றார். வெயில் இடப்பக்கம் விழுகிற மாதிரி அவரைத் திருப்பி, கேமராவை நான் பிடித்தேன். அன்றைக்கு முதலாளியை ‘அசையாதீங்க’ என்று அதட்டும் பாக்கியம் கிடைத்தது.

கலியபெருமாளின் இடுப்புத் துண்டுக்கு அடியில் இணைப்பை மறைத்தேன். மேலே சுரக்குடி, கீழே காரைக்கால். ஒட்டியதை மறுபடி காப்பி எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டோம். நானே உற்றுப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் வந்தார்கள். கலியபெருமாள், அவர் மனைவி செண்பகம், மாமியார். மாமியார் படத்தை வாங்கி, மகனின் முகத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். “இளைச்சிட்டான்” என்றார்.

கலியபெருமாள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “நான் எப்ப இங்க வந்தேன்?” என்று கேட்டார்.

“உங்களை நகத்தி வச்சிருக்கு. மேலயே வைக்கச் சொன்னீங்க, எனக்கு மனசு வரல” என்றேன்.

மாமியார் நிமிர்ந்தார். “யாரு மேல?”

சொன்னேன். மருமகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பக்கத்துல வைக்கத்தான மாப்புள சொன்னேன். உங்களை எடுக்கவா சொன்னேன்? நீங்க இல்லாம எனக்கு என்னாத்துக்கு இந்தப் படம்?” என்றார் மாமியார். குரலை உயர்த்தவில்லை.

செண்பகம் மட்டும் இதற்குள் படத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போயிருந்தார். பிரான்சிலிருந்து வந்திருக்கும் அண்ணனை அவர் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஓரத்தையே பார்த்தார். படத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். மறுபடி கிட்டத்தில் கொண்டுவந்தார்.

“மூஞ்சி இவங்களுது. காலு இவங்களுது இல்லையே.”

பக்கிரிசாமி அண்ணன் மேஜைக்கு அடியில் கால்களை இழுத்துக்கொண்டார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தொழில்முறையில் எனக்கு அது தெரிய வேண்டும் அல்லவா?

“இவங்க காலு விரிஞ்சி கெடக்குங்க. சேத்துல நிக்கிற காலு. விரலு ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது. இது யாரோ ஷூ போடுற ஆளு காலு. விரலெல்லாம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மாதிரி ஒட்டி நிக்கிது.”

மறைக்க என்ன இருக்கிறது? நடந்ததைச் சொன்னோம். கலியபெருமாள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் மறுபடி எட்டிப் பார்த்தார். செண்பகம் சிரிக்கவில்லை.

“இவங்க இங்கதான நிக்கிறாங்க. இவங்க காலையே எடுத்துக்குங்களேன்.”

நியாயம்தான். பட்டியல் போடும் என் மூளைக்கு ஏன் அது தோன்றவில்லை என்று தெரியவில்லை. ‘என் மேலயே வச்சிடுங்க’ என்று ஒருவர் சொன்னால், அவரை மறுபடி கூப்பிட்டு எதையும் கேட்கத் தோன்றுவதில்லை போலிருக்கிறது. அப்படிச் சொல்பவர்களுக்கு எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கிறது.

கொல்லைப்பக்கம் அழைத்துப்போனோம். சாயங்கால வெயில் மறுபக்கம் விழுந்ததால் அவரை எதிர்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்தினேன். கூச்சத்தில் நெளிந்தார். “காலுதான, ஏன் மாப்புள மூஞ்சியைச் சரிபண்ணிக்கிறீங்க?” என்றார் மாமியார்.

இந்த வேலையில் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். படத்தில் ஒருவரைக் கொண்டுவந்து வைப்பது சுலபம். அவருக்கு அடியில் யார் மறைகிறார் என்று பார்ப்பதுதான் வேலை. ஓரத்துக்குப் போனாலும் பரவாயில்லை. நிற்பதற்குச் சொந்தக் கால் இருக்க வேண்டும்.

புதிய படம் பிரான்சுக்குப் போய்விட்டது. குரும்பகரத்தில் கூடத்திலும் மாட்டியாகிவிட்டது. உண்மையில் இப்போது அதில் காலே இல்லாமல் நிற்பவர் துரை மட்டும்தான் — அதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.